பலா மரத்தடி மழைமானி

மழைமானியைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுகிறது. முப்பது வருஷத்துக்கு மேல் நீரியல் படித்து, நீரியல் சொல்லிக்கொடுத்து, அதில் சோறு தின்ற ஒருத்தி இப்படிச் சொல்லக் கூடாதுதான். சொல்லாமல் இருந்தால் இன்னும் குமட்டும் என்பதால் சொல்லிவிடுகிறேன்.

மழைமானி பெரிய யந்திரம் ஒன்றும் இல்லை. ஓர் உருளை, அதன் வாயில் ஒரு புனல், உள்ளே ஒரு குப்பி. மழை புனலில் விழுந்து குப்பியில் சேரும். காலை எட்டரை மணிக்கு ஒருவர் வந்து, சேர்ந்த தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து, இத்தனை மில்லிமீட்டர் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். அதற்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை ஒன்றுதான். திறந்த வெளியில் வைக்க வேண்டும். பக்கத்தில் மரமோ சுவரோ இருந்தால், அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி வைக்க வேண்டும். இதை வகுப்பில் முதல் வாரமே சொல்லிவிடுவேன். தேர்விலும் கேட்பேன். இதை எழுதாத பிள்ளைக்கு என்னிடம் மதிப்பெண் கிடையாது.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் என் அப்பாவுக்கு, நான் கூப்பிடுகிறபடி அத்தாவுக்கு, ஒரு கடை. பிவிசி குழாய், மோட்டார், கேபிள், போர்வெல் போடுகிறவர்களுக்கு வேண்டிய சாமான் எல்லாம் கிடைக்கும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பத்துக் குழாய் வாங்கிப் போன அதே ஆள், நான் கல்லூரிக்குப் போகும்போது முப்பது குழாய் கேட்டு நின்றார். "தண்ணி எங்கத்தா போவுது?" என்று கேட்டேன். "கீழ போவுது. போனா போவட்டும், நமக்கு யாவாரம் ஜாஸ்தி" என்று சிரித்தார் அத்தா. தமாஷாகத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஊரே தண்ணீர் விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு திரிகிறது, நான் ஒருத்தியாவது உண்மையைப் படிக்கப் போகிறேன் என்று எனக்கு ஒரு திமிர் வந்தது. சொந்தக்காரர்கள் "பொட்டப்புள்ள ஓடையும் ஏரியும் அளந்துக்கினு திரியறதா?" என்றார்கள். அத்தாதான் அவர்கள் வாயை அடைத்தார். அவருக்கு நான் அதற்காக நன்றி சொன்னதே இல்லை.

ஆராய்ச்சிக்குக் கல்வராயன் மலையை எடுத்துக்கொண்டேன். காரணம் ரொம்ப உயர்ந்தது இல்லை. வீட்டிலிருந்து காலையில் கிளம்பினால் கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறி, சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம். வயதுப் பெண் வெளியூரில் தங்க வேண்டியதில்லை. மலைமேல் ஓர் அரசு அலுவலகத்தில் மழைமானி இருந்தது. பல வருஷத்துப் பதிவேடுகளும் இருந்தன. மலையில் அப்படித் தொடர்ச்சியாகக் கணக்கு இருந்த இடம் அது ஒன்றுதான். புதையல் கிடைத்த மாதிரி எனக்கு.

அங்கே ஓர் எழுத்தர் இருந்தார். நல்ல மனுஷர். நான் போனதும் நாற்காலியைத் துடைத்துப் போடுவார், டீ வாங்கிவரச் சொல்வார், பதிவேடுகளை மேசைமேல் அடுக்குவார். நான் குனிந்த தலை நிமிராமல் எண்களைப் பெயர்த்து எழுதுவேன். பலா சீசனில் போனால் அலுவலகத்து மரத்துப் பழம் என்று சுளை உரித்துத் தட்டில் வைப்பார். தேன் மாதிரி இருக்கும். ஒரு கையால் சுளையைத் தின்றுகொண்டு ஒரு கையால் மழையை எழுதியிருக்கிறேன்.

மழைமானி கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது. நான் போய்ப் பார்த்ததில்லை. முதல் நாளே போகக் கிளம்பினேன். "அங்க வேணாம் மேடம்" என்று எழுத்தர் கூச்சத்தோடு சொன்னார். அலுவலகத்து ஆண்கள் ஒதுங்குகிற இடம் அதுதான். ஜன்னலைத் திறந்தாலே மூத்திர நாற்றம் வரும். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அடுத்த முறை பார்க்கலாம் என்று நினைத்தேன். அந்த அடுத்த முறை இருபது வருஷத்துக்கு மேல் வரவில்லை. என் மாணவர்கள் காலத்தில் பதிவேட்டைக் கையால் பெயர்த்து எழுதவும் தேவைப்படவில்லை. போனில் படம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களும் பின்னால் போகவில்லை. அவர்கள் ஆண்கள். ஒதுங்கப் போயிருந்தாலாவது பார்த்திருக்கலாம்.

எண்களை வரைபடத்தில் கோடாக வரைந்து பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மலையில் மழை வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தது. கீழே கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் அப்படிக் குறையவில்லை. மலையில் மட்டும் ஏன்? காரணம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது. காட்டை வெட்டுகிறார்கள், மரம் போகிறது, மழையும் போகிறது. கட்டுரை எழுதினேன். பெரிய இதழுக்கு அனுப்பினேன். அங்கே படித்துப் பார்த்தவர் யாரோ, புண்ணியவான், ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். மழைமானியைச் சுற்றியிருக்கும் சூழல் இத்தனை வருஷத்தில் மாறவில்லை என்று நேரில் சரிபார்க்கப்பட்டதா? நான் ஒரு வரி சேர்த்தேன். நேரில் சரிபார்க்கப்பட்டது.

அவ்வளவுதான். என் வாழ்க்கையில் நான் எழுதிய பொய்களில் மிகச் சின்னது அது. மற்ற பொய்கள் எல்லாம் அதற்குப் பிறந்த பிள்ளைகள்.

கட்டுரை வந்தது. கொண்டாடினார்கள். மரம் போனால் மழை போகும் என்பதை எண்ணால் நிரூபித்தவள் என்று மேடைக்கு மேடை கூப்பிட்டார்கள். பேராசிரியர் ஆனேன். பாடப்புத்தகத்தில் என் கோடு அச்சானது. தண்ணீர் தினம் வந்தால் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. தண்ணீர் தினக் கூட்டங்களைப் போல அசிங்கமான கூட்டங்கள் உலகத்தில் கிடையாது. மேடையில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாட்டில் இருக்கும். அதில் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு மிச்சத்தை அப்படியே வைத்துவிட்டு, ஒவ்வொரு சொட்டும் உயிர் என்று பேசுவார்கள். சால்வை போர்த்துவார்கள். பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் அட்டையோடு நிறுத்துவார்கள். மண்டபத்துக்குக் கொஞ்ச தூரத்தில் கோமுகி ஆறு கோழி இறகையும் குடலையும் சுமந்துகொண்டு கறுப்பாகப் போய்க்கொண்டிருக்கும். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு காரில் ஏறுவோம். நானும்தான். எனக்குத் தனியாக ஒரு கார் அனுப்பியிருப்பார்கள்.

இப்படி இருந்தபோதுதான் பாலத்து வேலை வந்தது.

மலைக்குள்ளே ஒரு சிற்றூர். இடையில் ஓர் ஓடை. மழைக்காலத்தில் ஓடை புரண்டால் அந்த ஊருக்கு வெளியுலகம் கிடையாது. மரவள்ளிக் கிழங்கு வெட்டினாலும் லாரி வராது, பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி எடுத்தாலும் வண்டி வராது. ஊர்க்காரர்கள் பல வருஷம் மனு கொடுத்து, கடைசியில் பாலம் கட்ட அனுமதி வந்தது. எவ்வளவு உயரப் பாலம் என்று முடிவு செய்ய, ஓடையில் வெள்ளம் எவ்வளவு வரும் என்று ஒருவர் கணக்குப் போட்டுத் தர வேண்டும். பாலத்துக்குப் பொறுப்பான பொறியாளர் என்னைத் தேடி வந்தார். மலை மழைக்கு என்னைவிட்டால் வேறு யார்?

ஓடையைப் பார்க்கப் போனேன். கரையில் ஒரு பெண் மரவள்ளிக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். ஏறக்குறைய என் வயது. ஓடைக்கு மேல்பக்கம் கரையை ஒட்டி அவருக்கு ஓர் ஏக்கர் நிலம். மலையில் ஓர் ஏக்கர் சமநிலம் என்பது சொத்து. மற்ற நாளில் மலைக்குக் கீழே சமவெளிக்குக் கூலி வேலைக்குப் போவார். நீரியல் வழக்கப்படி, எழுதிய கணக்கு எதுவாக இருந்தாலும் உள்ளூர்க்காரரிடம் வெள்ளம் எதுவரை வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்டேன்.

அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடையில் இறங்கி, நடுவே நின்ற ஒரு பாறையைக் காட்டினார். என் தலைக்கு மேல் உயரம் இருக்கும். அதன்மேல் கையை உயர்த்தி வைத்தார்.

"இதுவரிக்கும் வரும்ங்க. ஜாஸ்தி பேஞ்சா பாறையே தெரியாது."

"இவ்வளவு உயரமா? எப்ப?"

"எப்பன்னா? பேயறப்பல்லாம்தாங்க."

பொறியாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அத்தாவின் கடையில் கற்றது என்று எனக்குத் தெரியும். நோட்டில் எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து என் கோட்டை வைத்துக் கணக்குப் போட்டேன். மழை குறைந்து வரும் மலை, ஆகவே வெள்ளமும் குறைவு. பாறையின் பாதிக்குக்கூட வராது என்று விடை வந்தது. ஒரு பக்கம் மழைமானி, இன்னொரு பக்கம் மண்வெட்டி பிடித்த ஒரு பெண்ணின் கை. அறிக்கையில் எழுதினேன். உள்ளூர் மக்களின் கூற்று மிகைப்பட்டது, ஏற்கத்தக்கதல்ல. உயரப் பாலம் தேவையில்லை, தண்ணீர் போக அடியில் குழாய் பதித்த தரைப்பாலம் போதும். செலவு மிச்சமானதில் பொறியாளருக்குப் பரம சந்தோஷம்.

தரைப்பாலம் கட்டினார்கள். இரண்டு மழைக்காலம் தாக்குப்பிடித்தது. மூன்றாவதில் ஓடை தன் குணத்தைக் காட்டியது.

அந்தப் பாலத்துக் குழாய்கள் சின்னவை. என் கணக்குக்கு ஏற்ற குழாய்கள். வெள்ளத்தில் மரமும் கிளையும் சருகும் வந்து குழாய் வாயை அடைத்துவிட்டன. பிறகு அது பாலம் இல்லை, அணை. தேங்கிய தண்ணீர் பாலத்துக்கு மேல் வழிந்தது போக, மிச்சம் பக்கவாட்டில் திரும்பி, கரையை உடைத்து, அந்தப் பெண்ணின் நிலத்துக்குள் பாய்ந்தது. பாதி நிலத்தை மண்ணோடு வழித்துக்கொண்டு, பாலத்தையும் உடைத்துக்கொண்டு போய்விட்டது. நான் போய்ப் பார்த்தபோது அங்கே வெறும் பாறை வழுவழுவென்று நின்றது. எலும்பு தெரிகிற மாதிரி இருந்தது.

அவர் அழவில்லை. மிச்சமிருந்த அரை ஏக்கரின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார்.

"பாலம் இல்லாதப்ப தண்ணி அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் பூடும். இப்ப இங்க வந்து திரும்பிக்குது. மறுபடியும் இதே மாதிரி கட்டுனாங்கன்னா மீதியும் பூடும்ங்க. ஒசத்திக் கட்டச் சொல்லுங்கம்மா. நீங்க சொன்னா கேப்பாங்கள்ல?"

"சொல்றேன்" என்றேன்.

பொறியாளர் அவசரத்தில் இருந்தார். அன்றைக்கே அலுவலகத்துக்குப் போய், வெள்ளத்தன்று எவ்வளவு மழை என்று பார்த்தோம். பழைய எழுத்தர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். புது எழுத்தர் பதிவேட்டை எடுத்துத் தந்தார். சாதாரண மழை என்று எழுதியிருந்தது. குடையில்லாமல் நடந்துபோகிற அளவு மழை. அந்த மழைக்கு ஓடையில் கணுக்கால்கூட நனையாது. பதிவேட்டை மூடினேன். "மழைமானி எங்க இருக்கு?" என்று கேட்டேன். இருபது வருஷத்துக்கு மேல் அதன் எண்ணைத் தின்று வளர்ந்தவள், முதல் தடவையாகக் கேட்டேன்.

பின்னால் போனோம். நாற்றம் அப்படியே இருந்தது. சுவரோரத்தில் கம்பி வேலி போட்ட சின்னச் சதுரம். அதற்குள் வானத்தை மறைத்துக்கொண்டு ஒரு பலா மரம். அதன் அடியில், தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, மழைமானி. புனல் நிறையச் சருகு. சருகுக்குமேல் அழுகிய பலாச்சுளையின் கூழ். கூழில் எறும்பு. எறும்புக்கு நடுவே செத்துக் காய்ந்த பல்லி ஒன்று. நான் கையை விட்டுப் பார்த்தேன். ஏன் விட்டேன் என்று தெரியவில்லை. அந்த வழவழப்பு இப்போதும் விரலில் இருக்கிற மாதிரி இருக்கிறது. சோறு பிசையும்போது நினைவு வந்தால் எழுந்துவிடுவேன்.

"இதுக்குள்ள யார் மரம் வெச்சது?"

"ரொம்ப வருசத்துக்கு முந்தி ஏதோ மரம் நடற விழாவாம் மேடம்" என்றார் எழுத்தர். "வெளிய வெச்சா ஆடு வாய் வெச்சிடும். இங்கதான் வேலி இருந்துச்சி. அப்ப வந்த ஆபீசரு இதுக்குள்ளயே நட்டுட்டாராம். போட்டோகூட உள்ள மாட்டியிருக்குது."

வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வது என்பார்கள். இந்த வேலி மேயவில்லை, பத்திரமாக வளர்த்துக் கொடுத்தது. மரம் வருஷா வருஷம் குடை விரித்தது. குடைக்குக் கீழே மழை வருஷா வருஷம் குறைந்தது. யாரும் பொய் எண் எழுதவில்லை. புனலில் எவ்வளவு விழுந்ததோ அதை எட்டரை மணிக்கு யோக்கியமாக அளந்து எழுதியிருக்கிறார்கள். மலையில் மழை குறையவே இல்லை. மரம் அழிந்ததால் மழை அழிந்தது என்று நான் நாடெங்கும் நிரூபித்தது, ஒரு மரம் நன்றாகத் தழைத்ததை வைத்து. அதன் பழத்தையும் நானே தின்றிருக்கிறேன். வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

பொறியாளர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "இதையெல்லாம் பெருசா எடுத்துக்காதீங்க மேடம். மேகவெடிப்புன்னு ஒரு லெட்டர் குடுத்துடுங்க. காட்டுக்குள்ள மட்டும் கொட்டுச்சி, மழைமானியில விழல. உங்களுக்கும் கெட்ட பேரு இல்ல, எங்களுக்கும் இல்ல. அதே பாலத்தத் திரும்பக் கட்டிக்கலாம்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் வானமே கோணல் என்று எழுதித் தர வேண்டும். அந்த ஆளின் முகத்தைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து நான் முதலில் எழுதியது அந்தக் கடிதத்தைத்தான். மறைக்க மாட்டேன். மேகவெடிப்பு என்ற சொல்லுக்கு எவ்வளவு அழகான விளக்கம் தந்திருந்தேன் தெரியுமா? படித்துப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வந்தது. அந்தத் திறமையை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது.

என்னிடம் படித்து, இப்போது வேறொரு கல்லூரியில் பேராசிரியராக இருக்கும் என் மாணவனுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"மேடம், யானைக்கும் அடி சறுக்கும். விட்டுடுங்க" என்றான்.

"நான் யானை இல்லப்பா. சறுக்கவும் இல்ல. பார்க்காததைப் பார்த்தேன்னு எழுதினேன்."

"என் தீசிஸும் அந்த டேட்டாதான் மேடம். எனக்குக் கீழ படிச்ச மூணு பேரும் அதுலதான் டாக்டர் ஆனாங்க. உங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள்ல ரிட்டையர்மென்ட். எங்களுக்கு அப்படியா?"

அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எரிச்சல். மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. ஒரு பக்கம் என் கட்டுரை, அவன் பட்டம், பாடப்புத்தகத்தில் என் கோடு. இன்னொரு பக்கம் அரை ஏக்கர் மரவள்ளி. தராசில் வைத்துப் பார்த்தேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. வைத்துப் பார்க்க வேண்டிய விஷயமா அது? ஆனால் மூன்று நாள் பார்த்தேன்.

நான்காம் நாள் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு உண்மையை எழுதினேன். மழைமானி மரத்தடியில் இருக்கிறது, இத்தனை வருஷத்துக் கணக்கும் செல்லாது, என் கட்டுரை தவறு, சரிபார்த்ததாக நான் எழுதியது பொய், ஓடையின் வெள்ளத்துக்கு உள்ளூர் மக்கள் காட்டிய உயரத்தையே கொள்ள வேண்டும், உயரப் பாலம்தான் கட்ட வேண்டும். மூன்று பக்கம். கையெழுத்துப் போட்டேன். இதழுக்கும் எழுதினேன், கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று. அன்றைக்கு மட்டும் வயிறு கொஞ்சம் லேசாக இருந்தது. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். ஆனாலும் நமஸ்காரம் நமஸ்காரம்தானே என்று நினைத்தேன்.

கூட்டத்துக்கு அழைத்தார்கள். கள்ளக்குறிச்சியில், ஏசி அறை, முந்திரி பக்கோடா. மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர். பொறியாளர் என் மூன்று பக்கத்தை விரல் நுனியால் மட்டும் தொட்டுப் புரட்டினார். மூலையில் கெட்டுப்போன பண்டம் கிடந்தால் அப்படித்தான் தொடுவோம்.

"மேடம் மேல எங்களுக்கு ரொம்ப மரியாதை" என்று ஆரம்பித்தார். "அதனாலதான் சொல்றேன். மழை கம்மின்னு மேடத்தோட பேப்பரே சொல்லுது. புஸ்தகத்துல இருக்குது. எத்தனையோ பேரு அதப் பாத்து எழுதியிருக்காங்க. இன்னா பண்றது, ஒரு பலா மரத்த வெச்சி அத்தனையும் தப்புன்னு சொல்ல முடியுமா?"

"நான்தானே எழுதினேன்? நானே தப்புன்னு சொல்றேன்."

"மேடத்துக்கு உடம்பு சரியில்லன்னு கேள்விப்பட்டோம்" என்றார் இன்னொருவர், ரொம்ப அக்கறையாக. "வயசாச்சில்ல. ரெஸ்ட் எடுங்க."

வேலியைப் பிடித்துக்கொண்டு நான் வாந்தி எடுத்தது அதற்குள் ஊர் சுற்றி வந்துவிட்டது. அன்று எத்தனை முகத்தைப் பார்த்தேன். ஒருத்தர் முகத்திலும் கோபம் இல்லை, குற்றவுணர்ச்சி இல்லை. பக்கோடா எண்ணெய்தான் மினுமினுத்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்று யார் சொன்னது? இவர்கள் மறைத்துவிட்டு அந்தச் சோற்றையும் சாப்பிட்டுவிடுவார்கள்.

மேகவெடிப்புச் சான்றிதழை வேறொரு நிபுணரிடம் வாங்கிவிட்டார்கள். என் மாணவனிடம். அறிக்கையின் பிரதி ஒன்றை அவனே எனக்கு அனுப்பினான். பயமோ மரியாதையோ தெரியவில்லை. கடைசிப் பக்கத்தில் ஆதாரப் பட்டியல் இருந்தது. முதல் ஆதாரம் என் கட்டுரை. இதழிலிருந்து இன்னும் முடிவு வரவில்லை, பரிசீலனையில் இருக்கிறது என்று மட்டும் ஒரு வரி வந்திருந்தது. என் பொய் என்னைவிடப் பெரிய ஆள் ஆகிவிட்டது. நானே போய்க் கதவைத் தட்டினாலும் உள்ளே விடமாட்டேன் என்கிறது.

தரைப்பாலத்தைத் திரும்பக் கட்டி முடித்தார்கள். அதே உயரம். கூட ஒரு குழாய் மட்டும் வைத்தார்கள்.

அந்தப் பெண்ணிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தை மாதம் போனேன். பளிச்சென்று வெயில். அவர் மிச்சமிருந்த நிலத்தில் மரவள்ளி பிடுங்கி, ஜவ்வரிசி ஆலை லாரி வந்தால் ஏற்றுவதற்குப் பாலத்தோரம் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அதே மாதிரிதான் கட்டியிருக்காங்கம்மா. நீங்க சொல்லலியா?"

"சொன்னேன். கேக்கல."

"நீங்க சொல்லியுமா?"

"முதல்ல இங்க மழை கம்மின்னு எழுதினதே நான்தான்" என்றேன். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். மரத்தடி, பதிவேடு, என் கணக்கு, அவர் சொன்னது மிகை என்று நான் எழுதினது. உட்காரச் சொல்வார் என்றோ திட்டுவார் என்றோ எதிர்பார்த்தேன். திட்டினால் நல்லது என்றுகூட இருந்தது. அவர் ஒரு கிழங்கின் மண்ணைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். மரம், பதிவேடு எல்லாம் அவருக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. யோசித்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஏம்மா, இத்தினி வருசமா வந்து போறீங்களே. மழ பேயறப்ப ஒரு நாளாச்சும் இங்க இருந்து பாத்திருக்கீங்களா?"

நான் யோசித்தேன். ஐப்பசி, கார்த்திகையில் மலைப்பாதையில் மண் சரியும், பஸ் நின்றுவிடும் என்று வரமாட்டேன். கோடை விடுமுறையில் வந்தாலும் மேற்கே கறுத்தால் மத்தியான பஸ்ஸுக்கே இறங்கிவிடுவேன். இருட்டுவதற்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்று தொடங்கிய பழக்கம். பிறகு அப்படிச் சொல்ல வீட்டில் யாரும் இல்லாதபோதும் அப்படியே செய்தேன். இந்த மலையின் மழையைப் பற்றி நான் எழுதியது ஓர் அலமாரி நிறைய இருக்கும்.

"இல்ல" என்றேன்.

"ஒரு நாளுகூடவா?"

"ஒரு நாளுகூட இல்ல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். மேடையில் பாட்டில் தண்ணீரைக் குடித்தவர்களையும், பக்கோடா தின்றவர்களையும், அந்தப் பொறியாளரையும் நான் எப்படிப் பார்த்தேனோ அப்படிப் பார்த்தார். பிறகு கிழங்கை அடுக்கத் திரும்பிவிட்டார்.